வில்லுப்பாட்டுல "ஆமா" போடுறவர் எவ்ளோ தூரம் சேட்டை பண்ணலாம்?

மொட்டைமாடி எழுதியது:

வணக்கம் மக்களே, ஒரு உதவி வேணும். எங்க அபார்ட்மென்ட் பொங்கல் விழாவுக்கு வழக்கமா சினிமா டான்ஸ், மியூசிக்கல் சேர், கோலப்போட்டின்னு ஓடும், இந்த வருஷம் வில்லுப்பாட்டு போடலாம்னு யாரோ வாய விட்டாங்க, அது கடைசில என் தலைல வந்து விழுந்துச்சு. இருபது நிமிஷம்தான். கதை நானே எழுதுனேன். ஒரு ராஜா, அவர் ஊர்ல ஏரி வத்திப் போகுது, தண்ணி எங்க போச்சுன்னு ஊரெல்லாம் விசாரிக்கிறாரு, கடைசில பாத்தா அரண்மனை குழாய்தான் வருஷக்கணக்கா ஒழுகிட்டு இருக்கு. கதை பரவால்லன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. பாட்டும் ஓகே, ஒரு ஆன்ட்டிக்கு கணீர்னு குரல், உடுக்கைக்கு ஒரு காலேஜ் பையன் கெடச்சுட்டான், குடத்துக்கு ஒரு அங்கிள், ஆபீஸ் டேபிள தட்டித் தட்டியே தாளம் பழகுனவரு.

பிரச்சனை என்னன்னா பக்கத்துல உக்காந்து "ஆமா" போடுறவர்தான். ரிகர்சல்ல உயிரே இல்ல. நான் ஒரு வரி சொல்றேன், அவர் ஆமாங்கறாரு, இன்னொரு வரி சொல்றேன், மறுபடி ஆமா. ரேஷன் கடைல கையெழுத்து போடுற மாதிரி இருக்கு. சரி காமெடி சேப்போம்னு வாட்ஸப் ஜோக்கா பொறுக்கி அவர் வாய்ல வச்சேன், இப்ப என்னடான்னா ஜோக்குக்கு சிரிக்கிறாங்க, பாட்டு ஆரம்பிச்சதும் போன எடுத்துடறாங்க, கதை எங்க நிக்குதுன்னு எனக்கே மறந்து போகுது.

பாட்டுக்கு நடுவுல பேசுற அந்த பகுதி, கோயில் கொடை விழாவுக்கு பாடுறவங்க கூத்து ஆடுறவங்க வாய்ல மட்டும் எப்படி அவ்ளோ லேசா வருது? எழுதி வச்சு பேசுறதா இல்ல அப்பப்ப அடிச்சு விடுறதா? ஆமா போடுறவருக்குன்னு தனியா ஒரு கேரக்டர் வேணுமா? தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க ப்ளீஸ்.

---

குடத்தடி எழுதியது:

நான் நாஞ்சில் நாட்டு பக்கம். கொடைக்கு கொடை வில்லு கேட்டு வளந்தவன்ங்கிற தெம்புல சொல்லுதேன், தப்பா எடுக்காதிய.

மொதல்ல அந்த வாட்ஸப் ஜோக்க எல்லாம் தூக்கி கடாசுங்க. ஆமா போடுறவன் காமெடியன்னு நெனச்சுதான் நீங்க ஆரம்பிச்சிருக்கிய, அங்கதான் சிக்கல். அவன் கதையை இப்பத்தான் மொதமொத கேக்குதவன். கதை சொல்லிப் பாடுத அண்ணாவிக்கு எல்லாம் தெரியும், இவனுக்கு ஒண்ணும் தெரியாது, ஆனா எல்லாம் தெரிஞ்ச மாதிரி உக்காந்திருப்பான். முன்னால உக்காந்திருக்க பாட்டிக்கு என்ன சந்தேகம் வருமோ அத அவளுக்கு முந்தி இவன் கேட்டுருவான். சுடலைமாடன் கதையில "கைலாசத்திலே ஈஸ்வரனும் ஈஸ்வரியும்"னு அண்ணாவி இழுத்தா, இவன் மெதுவா, "ரெண்டு பேரும் பேச்சு வார்த்தையிலதான இருக்காவ?"ன்னு ஒண்ணு போடுவான். ஜனம் சிரிக்கும். ஆனா கதை ஒரு அடி கூட வெலகல பாத்துக்கிடுங்க, அடுத்து அண்ணாவி சொல்லப் போறதே அவங்க ரெண்டு பேருக்கும் உள்ள பேச்சத்தான்.

இன்னொண்ணு, எங்க பேசணும் எங்க பேசக் கூடாதுன்னு கணக்கு இருக்கு. மொதல்ல சாமிய கும்பிட்டு காப்பு பாடும்போது சேட்டை கெடையாது. குருவ வணங்கி குருவடி பாடும்போது கெடையாது. அவையடக்கம் வந்தா லேசா ஆரம்பிக்கலாம், "குத்தங்குறை இருந்தா பொறுக்கணும்"னு அண்ணாவி கும்பிடும்போது "குத்தம் அவருது, குறை நம்ம சம்பளத்துல"ன்னு பக்கத்துல இருந்து ஒரு குரல் வரும். நாட்டு வளம், கல்யாணம், சந்தைக்கு போறது, வழிப்பயணம், இதுலல்லாம் மனசு போல வெளயாடலாம். சாமிய ஆள் மேல வரவழைக்க வரத்து பாடுத நேரம் வந்துட்டா மூச்சு விடக் கூடாது. குடமும் உடுக்கையும் ஏறிக்கிட்டே போவும், வில்லு மணி சும்மா அதிரும், அங்க எவனாவது பல்ல காட்டுனா சாமியாடி கையில இருக்குதது அவன் முதுகுலதான் எறங்கும். உங்களுக்கு வரத்து இல்ல, சரி. ஆனா உங்க கதையிலயும் சிரிக்கக் கூடாத ஒரு எடம் இருக்கும்லா, ஏரி வத்துன எடம். அங்க ஆமா கூட வேண்டாம். சும்மா இருக்கச் சொல்லுங்க. அதுவரைக்கும் தொணதொணத்தவன் வாய மூடுனா ஜனம் தானா நிமுந்து உக்காரும்.

எழுதி வைக்குததா வாயில வாரதான்னு கேட்டிய. ரெண்டும்தான். கதைப்பாட்டு மனப்பாடம், ஏடு பாத்து படிச்சதா இருக்கும். பேச்சு அந்தந்த ஊருக்கு தக்கன மாறும். வந்து எறங்குன ஒடனே கொடைக்கு யாரு பெரியவரு, எந்த தெருவுல ரோடு போடல, டீக்கடையில என்ன பேச்சு ஓடுதுன்னு விசாரிச்சுருவாவ. ராத்திரி அதெல்லாம் கதைக்குள்ள வந்துரும்.

---

களரி எழுதியது:

செய்யாறு பக்கம்ங்க நானு. வில்லு எங்களுக்கு பழக்கம் இல்ல, எங்களுக்கு தெருக்கூத்துதான். ஆனா நீங்க கேட்ட கேள்விக்கு கூத்துல வர்ற கட்டியங்காரன பாத்தா பதில் இருக்குது.

கூத்தாடற எடமான களரிய கட்டி, சாமி பாட்டு முடிஞ்சதும் மொதல்ல வெளில வர்றவன் அவன்தான். கோமாளி மாதிரி ஆடிக்கினே வருவான், ஆனா ராத்திரி பூரா அவன் இல்லாம ஒண்ணும் நடக்காது. வாசக் காப்போனும் அவன்தான், தூதனும் அவன்தான், ராஜாவுக்கு எடுபிடியும் அவன்தான். துரியோதனன் திரைக்கு பின்னால நின்னுகினு கிரீடம் மட்டும் தெரிய விருத்தம் பாடுவான் பாருங்க, "மண்டலம் ஆளும் மன்னர் மன்னன்"ங்கற தோரணைல ஏழு கட்டைல, உடனே கட்டியங்காரன் கேப்பான், "யாருப்பா அது, திரைய புடிச்சிகினு கத்தறது, பஸ்ஸ உட்டுட்டியா?" ராஜா உள்ள இருந்து தன் பெருமைய வசனமா சொல்வாரு, செந்தமிழ்ல. அத கட்டியங்காரன் நம்ம பாஷைல திருப்பிச் சொல்வான், "அதாவது இவருக்கு தம்பிங்க தொண்ணூத்தொம்போது பேரு, ரேஷன் கார்டு ஒண்ணுதான்."

இதுல கவனிங்க. சிரிப்பு அந்த எறக்கத்துலதான் இருக்குது. மேல இருந்து பாட்டுல வந்தது கீழ பேச்சுல விழுது. அதே நேரம் ஜனத்துக்கு வந்தது யாரு, அவனுக்கு எத்தினி தம்பிங்க, எல்லாம் புரிஞ்சிடுது. முகவீணைக் குழல் சத்தத்துல பாட்டுல பாதி வார்த்த காதுல விழாதுங்க, கட்டியங்காரன் சொல்றதாலதான் கதையே கடைசி வரிசைக்கு போய் சேருது. நீங்க ஜோக் இருந்தா கதை போகுதுன்னு எழுதனீங்களே, கதையவே ஜோக்கா திருப்பிச் சொன்னா எங்க போகும்?

அதனால என் யோசன, உங்க ராஜா வரிய எல்லாம் இன்னும் கெத்தா எழுதுங்க. ராஜா எவ்ளோ ஒசரத்துல நிக்கறாரோ அவ்ளோ நல்லா கீழ எறக்கலாம். ஆமாக்காரு சும்மா மொழிபெயர்த்தா போதும்.

---

சும்மா_வந்தேன் எழுதியது:

எல்லாரும் பெரிய ஆளுங்களா பேசுறீங்க, ஒரு கசப்பான விஷயம் சொல்லிக்கறேன். ஊர் ஊரா குடும்பக்கட்டுப்பாடு, சிறுசேமிப்பு, எய்ட்ஸ்னு விழிப்புணர்வு வில்லுப்பாட்டு போட்டுப் போட்டு அந்த ஆமாங்கற ஆள ஒரு நோட்டீஸ் போர்டா ஆக்கிட்டாங்க. "கைய கழுவணும்." "ஆமா கழுவணும்." "சோப்பு போட்டு கழுவணும்." "ஆமா சோப்பு போட்டு." இதுக்கு எதுக்கு வில்லு, ஆட்டோல மைக் கட்டி சொல்லிட்டு போலாமே. உங்க கதையும் கடைசில தண்ணீரை சேமிப்போம் வாங்கன்னு முடியும்னா இப்பவே சொல்லிடுங்க, நான் சுண்டலுக்கு மட்டும் வரேன்.

---

குடத்தடி எழுதியது:

சும்மா வந்தவரே, நீங்க சொல்லுதது நெசம்தான், ஆனா பழி வில்லு மேல போடாதிய. கருத்து சொன்னா சிரிப்பு வராதுன்னு யாரு சொன்னா? கலைவாணர் என்.எஸ்.கே எங்க நாகர்கோயில் ஒழுகினசேரிக்காரரு, காந்தி கதையவே வில்லுல பாடுனவரு. வில்லுப்பாட்டு எழுத திருநெல்வேலி சத்திரம் புதுக்குளத்துக்காரர் சுப்பு ஆறுமுகத்த மெட்ராஸுக்கு கூட்டிட்டு வந்ததும் அவருதான். சுப்பு ஆறுமுகம் அதுக்கப்புறம் ஆயுசு பூரா வில்லுதான், 2021ல பத்மஸ்ரீ வாங்குனாரு, அடுத்த வருஷம் போய் சேந்துட்டாரு. அவரு மேடையில கேளுங்க, பக்கத்துல உக்காந்திருக்கவங்ககிட்ட வீட்டுத் திண்ணையில பேசுத மாதிரி பேசிக்கிட்டே இருப்பாரு, எப்ப அது பாட்டாச்சுன்னு தெரியாது.

என்.எஸ்.கே பண்ணதுல நம்ம மொட்டைமாடி கண்டிப்பா பாக்க வேண்டியது கிந்தனார். 1949ல நல்லதம்பி படத்துல வரும், பாட்டு உடுமலை நாராயணகவி. அது வில்லு இல்ல, கதாகாலட்சேபம். நந்தனார் சரித்திரம் பாடுத பாகவதர் எப்படி நிப்பாரோ அப்படியே நிக்காரு, அதே இழுவை, அதே பக்தி, பின்பாட்டு ஆட்களும் அதே மாதிரி பவ்யமா நிக்காங்க. ஆனா கதை என்னன்னா, சேரியில பொறந்த ஒரு பையன் படிக்கணும்னு ஆசப்பட்டு ரயிலேறி பட்டணம் போறான். நந்தன் சிதம்பரத்துக்கு ஏங்குனான்னா கிந்தன் பள்ளிக்கூடத்துக்கு ஏங்குதான். சிரிப்பு அவரு சிரிக்காததுலதான் இருக்கு. ஒரு எடத்துல கூட நான் ஜோக் சொல்லுதேன் பாருன்னு மொகத்துல காட்ட மாட்டாரு. கருத்து அதுக்குள்ள ஊசி மாதிரி ஏறிருக்கும்.

---

பபூன்பார்ட் எழுதியது:

மதுரப் பக்கம் ஸ்பெஷல் நாடகத்தப் பத்தி யாருமே வாயத் தொறக்கலையே, அதுனால நான் வர்றேன்.

தெரியாதவங்களுக்கு, சங்கரதாஸ் சுவாமிகள் நாடகம்தான், வள்ளி திருமணம், பவளக்கொடி அந்த மாதிரி. இதுல கம்பெனி கெடையாது. ராஜபார்ட் ஒரு ஊரு, ஸ்திரீபார்ட் ஒரு ஊரு, ஆர்மோனியம் வேற ஊரு, எல்லாரும் ராத்திரி திருவிழா மேடைலதான் சந்திப்பாய்ங்க, ரிகர்சல்ங்கிற பேச்சே இல்ல. கதைக்கு முன்னாடி பபூனோட காமெடி. ராத்திரி பத்து மணிக்கு மேல தனியா வருவாரு, பாடுவாரு, பேசுவாரு, அப்புறம் டான்ஸ்காரம்மா வரும், ரெண்டு பேருக்கும் வாய்ச்சண்ட, அது பாட்டுச் சண்டையாகி முடியும்.

இதுல பபூன் பண்ற ஒரு வேல இருக்குண்ணே, அதத்தான் உங்களுக்கு சொல்ல வந்தேன். வில்லங்கமான பேச்சு எதுன்னாலும் அத ஜனத்தப் பாத்து சொல்ல மாட்டாரு. அப்படியே திரும்பி மிருதங்கக்காரர்கிட்ட சொல்லுவாரு. "ஏண்ணே, நேத்து பஸ் ஸ்டாண்டுல என்ன நடந்துச்சு தெரியுமா?" அவரு "என்ன நடந்துச்சு?"ன்னு கேப்பாரு, நடுநடுவுல ஒரு தட்டு தட்டுவாரு. முன்னாடி பொம்பளையாளுக உக்காந்துருக்கும், கொழந்த குட்டி இருக்கும், அவங்க முன்னாடி நேரா பேச முடியாததெல்லாம் ரெண்டு ஆம்பளைக தனியா பேசிக்கிற மாதிரி ஆயிருது. கூட்டம் ஒட்டுக் கேக்குது, அம்புட்டுதான். யார் மேலயும் பழி இல்ல. ஜோக்கு ரொம்ப பச்சையா போனா மிருதங்கக்காரரே முகத்தச் சுளிச்சு "சேச்சே"ன்னுருவாரு, கூட்டம் இன்னும் சிரிக்கும்.

உங்க விஷயத்துல பச்சையெல்லாம் வேணாம், அபார்ட்மென்ட்டுல மெயின்டனன்ஸ் கட்ட விட மாட்டாய்ங்க. ஆனா ஆமாக்காரர ஜனத்தப் பாத்து ஜோக்கு சொல்ல விடாதீங்க. குடத்துல உக்காந்துருக்க அங்கிள்கிட்ட சொல்லச் சொல்லுங்க. அவரு பதிலு சொல்ல வேணாம், குடத்துல ஒரு தட்டு போதும். சந்தேகமா ஒரு தட்டு, கோவமா ஒரு தட்டு, "போய்யா"ன்னு ஒரு தட்டு. பேசாத ஆளு ஒருத்தன் மேடைல இருந்தா பேசுறவனுக்கு பலம் பாத்துக்கங்க.

---

மொட்டைமாடி எழுதியது:

ஐயோ, இவ்ளோ வரும்னு எதிர்பாக்கல, எல்லாருக்கும் கும்பிடு. குடத்துல தட்டி பதில் சொல்ற ஐடியா அங்கிள்கிட்ட சொன்னேன், மனுஷன் ராத்திரியே அஞ்சாறு வகை தட்டு கண்டுபிடிச்சு வாய்ஸ் நோட் அனுப்பிட்டாரு, கீழ் வீட்ல இருந்து கம்ப்ளெயின்ட் வந்துடுச்சாம்.

ஆரம்பத்த மாத்தி எழுதிப் பாத்தேன். சரியா வருதான்னு சொல்லுங்க.

நான்: நீர்வளம் சூழ்ந்த நெடுநல் நாடு!
ஆமா: ஆமா, நெடுநல் நாடு.
நான்: ஆண்டுவந்தான் ஓர் அரசன்!
ஆமா: நம்ம செக்ரட்டரி மாதிரி.
நான்: அரசனுக்கு ஒரு கவலை.
ஆமா: நம்ம செக்ரட்டரிக்கும் கவலைதான், யாருமே மீட்டிங்குக்கு வரதில்ல.

---

குடத்தடி எழுதியது:

செக்ரட்டரிய ஒரு தடவ தொட்டா போதும், ரெண்டாவது தடவ தொட்டா அது அவரு மேல கோவம்னு தெரிஞ்சுரும். அதுவும் ஆரம்பத்துலயே உள்ளூர் ஆள இழுத்தா ராஜாவ யாரு பாப்பா? மொதல்ல ஜனம் ராஜாவ நம்பட்டும். நான் ஒண்ணு எழுதிப் போடுதேன், வேணும்னா எடுத்துக்கிடுங்க.

அண்ணாவி: எட்டு நெல கோபுரமாம், எட்டாத மாளிகையாம்!
ஆமா: எட்டு மாடி.
அண்ணாவி: எட்டாம் நெலையிலே இருந்தானே எங்க ராசா!
ஆமா: லிப்ட் உண்டுமா?
அண்ணாவி: ராசா காலத்துல ஏதுவே லிப்ட்டு?
ஆமா: அப்ப தண்ணி எப்படி மேல போவும்?
(குடம்: ஒரு தட்டு)
அண்ணாவி: அதத்தானவே ராசா கேட்டாரு, அமைச்சனைக் கூப்பிட்டுக் கேட்டாரு...

இந்த "கேட்டாரு"லயே பாட்டு ஏறிடணும். இதுதான் முக்கியம், மத்ததெல்லாம் போனாலும் இத விட்றாதிய. பேச்சு முடிஞ்சு, ஜனம் சிரிச்சு முடிச்சு, ஒரு செகண்டு சும்மா இருந்து, அப்புறம் ஒன் டூ த்ரீன்னு பாட்டு ஆரம்பிச்சா உங்களுக்கு நடந்ததுதான் நடக்கும், ஆள் போன எடுத்துரும். சிரிப்பு பாதி இருக்கும்போதே வில்ல அடிக்குத கோலு, அந்த வீசுகோல் வில்லுல விழணும். அதுக்கு பேச்சோட கடைசி சொல்லும் பாட்டோட மொத சொல்லும் ஒண்ணா இருக்கணும். பேசுதப்ப உடுக்கைக்கார தம்பிய கைய எடுக்க விடாதிய, மெதுவா உருட்டிக்கிட்டே இருக்கட்டும். சுருதியும் அடில ஓடட்டும். பேச்சே தாளத்துல மெதந்து வரும், ஆமாங்கிற சொல்லும் அடிக்கு சரியா விழும். உங்க ஆமாக்காரருக்கு உயிர் இல்லன்னு சொன்னியள்லா, ஆளு மேல தப்பு இல்ல, அவருக்கு அடியில தாளம் ஓடிருக்காது.

---

கலட்டியான் எழுதியது:

நான் யாழ்ப்பாணம். எங்கட பக்கமும் வில்லிசை கோயில் திருவிழாக்களில நல்லா நடந்தது, வில்லிசைக்காரர் சின்னமணி எண்டா சின்னப் பிள்ளையளுக்கும் தெரியும். அவர் கதை சொல்லேக்க முகமே பாதிக் கதையைச் சொல்லிப் போடும், ராசாவாயும் அவரே, ராணியாயும் அவரே, கிழவியாயும் அவரே. பக்கப்பாட்டுக்காரர் கேள்வி கேட்டா அவர் உடன மறுமொழி சொல்லமாட்டார், ஒரு பார்வை பாப்பார், சனம் அதுக்கே விழுந்து விழுந்து சிரிக்கும்.

நீங்கள் எல்லாரும் ஆமாக்காரரைப் பற்றியே கதைக்கிறியள், அண்ணாவியைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்ல. பகிடி விடுறவர் எவ்வளவு கெட்டிக்காரர் எண்டாலும் அதைக் கேட்டு ஆத்திரப்படுறதுக்கு ஒருத்தர் வேணும். மொட்டைமாடி நீங்கள் உங்கட வரியை மறந்திடுவனோ எண்ட பயத்தில அடுத்த வரிக்கு ஓடுறியள் எண்டு நினைக்கிறன். ஓடாதேங்கோ. அவர் லிப்ட் உண்டுமா எண்டு கேட்டா, ஆளை ஒருக்கா வடிவாத் திரும்பிப் பாத்துப்போட்டு, பிறகு மறுமொழி சொல்லுங்கோ.

---

சும்மா_வந்தேன் எழுதியது:

சரி, லிப்ட் ஜோக்குக்கு நானே சிரிச்சுட்டேன், சுண்டலோட வில்லும் பாக்க வரேன். ஆனா கடைசில வாழி பாடும்போது "தண்ணி வாழி குழாய் வாழி"ன்னு போட்டீங்க, எந்திரிச்சு போயிடுவேன்.

---

மொட்டைமாடி எழுதியது:

வாழில "பிளம்பர் வாழி"ன்னுதான் போட்டிருக்கேன், ஓகேவா? 😄

கடைசியா ஒரு டவுட். மைக் செட்காரர் ரெண்டு மைக்தான் தருவேங்கறாரு. எனக்கு ஒண்ணு, பாடுற ஆன்ட்டிக்கு ஒண்ணு கொடுத்தா ஆமாக்காரர் குரல் கேக்காது. எப்படி பிரிக்கிறது?

---

பபூன்பார்ட் எழுதியது:

ஆன்ட்டிக்கு கணீர்னு குரல்னு நீங்கதான சொன்னீங்க. அந்தம்மாவ உங்க பக்கத்துல ஒட்டி உக்கார வச்சு ஒரே மைக்க நடுவுல போடுங்க. இன்னொன்னு ஆமாக்காரருக்கும் குடத்துக்கும் நடுவுல, கொஞ்சம் தாழ்வா. உடுக்கைக்கு மைக்கே வேணாம்ணே, அது மைக் இல்லாமயே அடுத்த ப்ளாக்குக்கு கேக்கும்.

---

குடத்தடி எழுதியது:

அதேதான். ஆனா மைக்க குடத்து வாய்க்கு நேரா வச்சிராதிய, குடத்த அடிக்குத பத்தி விழும்போது செட்டே அலறும். பக்கவாட்டுல ஒரு சாண் தள்ளி வைங்க. செட்டுக்காரர்கிட்ட எக்கோவ கொறைக்கச் சொல்லுங்க, எக்கோ இருந்தா ஒரு ஆமாக்கு மூணு ஆமா கேக்கும்.